பனிக்குடம் உடைந்த நேரம்: செக்ரோலில் ஏறாத கணக்கு

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பது நம் பெரியோர் வாக்கு. வளைகாப்பு வீட்டிலும் தொட்டில் போடும் வீட்டிலும் இதைச் சொல்லாத வாய் இல்லை. ஆனால் அந்த மறுபிறப்புக்கு வேண்டிய ஏற்பாட்டைத் தோட்டப்புறத்தில் செய்து வைத்திருக்கிறோமா என்று கேட்டால், பதில் சொல்லத் தயங்கும் வாய்களே அதிகம். சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறோம். விலைவாசியைப் பற்றிப் பேசுகிறோம். கூரை ஒழுகுவதைப் பற்றி மனு எழுதுகிறோம். இவை யாவும் பேச வேண்டியவையே. எனினும் ஒரு தாய்க்கு வலி காணும் முன்பே பனிக்குடம் உடைந்துவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து அவளுக்கும் பிள்ளைக்கும் என்ன நேரும், யார் என்ன செய்ய வேண்டும் என்று நம் கிளைக் கூட்டங்களில் என்றேனும் பேசியதுண்டா? "அது பெண்கள் சமாசாரம்" என்று ஒதுக்கி விடுகிறோம். அப்படி ஒதுக்கத் தக்க சமாசாரம் அன்று அது. அது நேரத்தின் கணக்கு, வண்டியின் கணக்கு, கூலியின் கணக்கு. ஆகவே அது சங்கத்தின் கணக்குமாகும்.

பத்து பாகாட் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் முன்போல் இல்லை. பல இடங்களில் பால்மரம் சாய்ந்து செம்பனை எழுந்துவிட்டது. ஆயினும் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போகிற கைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றுள் பல பெண்களின் கைகள். அந்தப் பெண்களுக்காகவும், அவர்களுடைய வருகையைத் தினமும் செக்ரோலில் குறிக்கும் நம் போன்ற கிராணிமார்களுக்காகவும் இதை எழுதுகிறோம்.

பட்டையும் பனிக்குடமும்

கருப்பையில் பிள்ளையைச் சுற்றி இரண்டு மெல்லிய படலங்களால் ஆன பை ஒன்று இருக்கிறது. அதில் நிறைந்திருக்கும் நீரில்தான் பிள்ளை மிதக்கிறது. அந்தப் பையே பனிக்குடம். பிள்ளைக்கு அது மெத்தையாகவும் இருக்கிறது. வெளியிலுள்ள கிருமி உள்ளே ஏறாமல் தடுக்கும் வேலியாகவும் இருக்கிறது. வழக்கமாக வலி கண்ட பிறகே அது உடையும். சிலருக்கோ வலிக்கு முன்பே உடைந்து விடுகிறது. மாதம் நிறைந்த தாய்மாரில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் இப்படி நேர்கிறது. 37 வாரம் நிறைவதற்கு முன்பே உடைவது நூற்றுக்கு இரண்டு, மூன்று பேருக்கு. தொகை சிறிதுதான். ஆனால் உலகில் குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவ்வாறு குடம் முன்னதாக உடைந்து பிறப்பவையே.

பால்மரம் அறிந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. மரத்திற்குப் பட்டை எப்படியோ, அப்படியே பிள்ளைக்குப் பனிக்குடம். மழைக்காலத்தில் புதுவெட்டின் வழியாகப் பூஞ்சை புகுந்து பட்டை கறுத்து அழுகுவதை நாம் கண்டிருக்கிறோம். வெட்டியவுடன் அழுகல் தெரிவதில்லை; சில நாள் கழித்தே கறுப்புக் கோடு கண்ணில் படுகிறது. தெரிந்த பிறகு மருந்து பூசுவதைவிட, வெட்டுப்பட்ட நேரத்திலேயே கவனிப்பது மேல். பனிக்குடமும் அப்படித்தான். உடைந்தவுடன் தாய் திடமாக நடமாடுவாள், காய்ச்சல் இருக்காது, பிள்ளை உள்ளே துள்ளும். ஆனால் வேலி போய்விட்டது என்பது போய்விட்டதுதான்.

பயமுறுத்துவது நம் நோக்கமன்று. மாதம் நிறைந்து குடம் உடைந்த பெண்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு 24 மணி நேரத்திற்குள் தானாகவே வலி காண்கிறது. கடுமையான கிருமித்தொற்று காணும் பிள்ளை, குடம் உடையாத பிரசவங்களில் இருநூற்றில் ஒன்று. வலிக்கு முன் உடைந்தவர்களிடம் நூற்றில் ஒன்று. அதாவது நூற்றில் தொண்ணூற்றொன்பது பிள்ளைகள் நலமே. ஆனால் அந்த ஒரு பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று முன்கூட்டிச் சொல்ல எவராலும் முடியாது. நேரம் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. குடம் உடைந்து 18 மணி நேரம் கடந்துவிட்டால் தாய்க்குக் கிருமிக்கொல்லி மருந்து கொடுக்க வேண்டுமா என்று டாக்டர்கள் பார்ப்பது வழக்கம். குறைமாதத்தில் உடைந்தால் ஆபத்து இன்னும் பெரிது. அங்கே கிருமியோடு பிள்ளையின் முதிராத நுரையீரலும் சேர்ந்து கொள்கிறது.

இரத்தம் சொல்வதும் சொல்லாததும்

ஆஸ்பத்திரிக்குப் போனவுடன் தாயின் இரத்தத்தை எடுக்கிறார்கள். பிள்ளை பிறந்த பின் பிள்ளையின் இரத்தத்தையும் எடுக்கிறார்கள். "ஏன் எடுக்கிறார்கள்?" என்று கேட்டால் "கிருமி இருக்கிறதா என்று பார்க்க" என்கிறார்கள். அவர்கள் பார்ப்பவற்றுள் முக்கியமானது சி-ரியாக்டிவ் புரோட்டீன். சுருக்கமாக சி.ஆர்.பி. என்பார்கள்.

இது 1930-ஆம் ஆண்டில் நியூயார்க் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவரால் கண்டறியப்பட்டது. நிமோனியா கண்டவர்களின் இரத்தத்தில் இருந்த ஒரு பொருள், அந்நோயை உண்டாக்கும் கிருமியின் 'சி' என்ற பகுதியோடு சேர்ந்து படிவதைக் கண்டு இப்பெயர் வைத்தார்கள். இது கிருமியன்று, கிருமியின் நஞ்சுமன்று. உடம்பில் எங்கேனும் அழற்சி உண்டானால் கல்லீரல் இதைச் சுரக்கிறது. கொட்டகையில் தீப்பிடித்தால் யாரோ மணி அடிக்கிறானே, அந்த மணியைப் போன்றது இது. மணி அடித்தால் எங்கோ ஏதோ நடக்கிறது என்று தெரியும். எங்கே, என்ன என்பது மணியோசையில் தெரியாது.

மேலும் ஒன்று. இந்த மணி உடனே அடிப்பதில்லை. தொல்லை தொடங்கி ஆறு மணி நேரம் போல் ஆனபிறகே இரத்தத்தில் இதன் அளவு ஏறத் தொடங்குகிறது. ஏறக்குறைய இரண்டு நாளில் உச்சிக்குப் போகிறது. தொல்லை தீர்ந்தால் 19 மணி நேரத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது.

இதனால் வரும் சங்கடங்களைப் பாருங்கள். தாய்க்குப் பிரசவ வலியே இந்த அளவை ஏற்றிவிடும். சிறுநீரில் கிருமி இருந்தாலும் ஏறும். இரத்தத்தின் வெள்ளை அணுக்களோ, பிள்ளையின் நுரையீரலை முதிர்விக்கப் போடும் ஊசியினாலேயே சில நாள் கூடிவிடும். ஆகவே ஓர் எண்ணை மட்டும் பார்த்து "கருப்பையில் கிருமி ஏறிவிட்டது" என்றும் தீர்க்க முடியாது. "ஏறவில்லை" என்றும் தீர்க்க முடியாது. தாயின் காய்ச்சல், நாடித்துடிப்பு, அடிவயிற்று நோவு, நீரின் நாற்றம், பிள்ளையின் இருதய ஓட்டம் ஆகியவற்றோடு இந்த எண்ணையும் சேர்த்து வைத்தே டாக்டர் முடிவு செய்ய வேண்டும்.

பிள்ளையின் விஷயம் இன்னும் நுட்பமானது. தாயின் சி.ஆர்.பி. நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போவதில்லை என்றே சொல்லலாம். பிள்ளை தன் கல்லீரலில் தானே சுரக்க வேண்டும். பிறந்தவுடன் எடுத்த இரத்தத்தில் அளவு குறைவாக இருந்தால், கிருமி இல்லை என்று பொருளன்று. மணி அடிக்க இன்னும் நேரம் வரவில்லை என்றும் இருக்கலாம். குறைமாதப் பிள்ளைகளிடம் அந்த மணியின் ஓசையே மெலிவு. மாறாக, நெடுநேரம் வலிபட்டுப் பிறந்த பிள்ளைக்கும், மலம் கலந்த நீரைக் குடித்த பிள்ளைக்கும் கிருமி இல்லாமலேயே அளவு ஏறும். பச்சைப் பிள்ளையிடம் லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்பது பல ஆஸ்பத்திரிகளில் வைத்திருக்கும் எல்லை. அந்த எல்லைக்கு மேல் போனால் குற்றவாளி, கீழே இருந்தால் நிரபராதி என்று ஒரே விசாரணையில் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஏறக்குறைய ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டு முறை பார்த்து, இரண்டு முறையும் குறைவாக இருந்து, பிள்ளையும் நன்றாகப் பால் குடித்தால், அப்போதே டாக்டரின் மனம் நிம்மதி அடைகிறது.

மெட்ரோலாக் கோலைப் பாலில் விட்டுச் சத்து பார்க்கும் கிராணிக்கு இது புரியும். மழைநீர் கலந்தால் ஓர் எண் வரும். நுரை நின்றால் ஓர் எண் வரும். சரியாகக் கலக்காவிட்டால் இன்னோர் எண் வரும். கோல் பொய் சொல்வதில்லை. கோலை மட்டும் நம்பி, பாலையும் வெட்டியவரையும் வானத்தையும் பார்க்காமல் கணக்கெழுதுகிறவனே பொய்க்கணக்கு எழுதுகிறான்.

"பச்சைப் பிள்ளையைக் குத்துகிறார்களே!"

தோட்டத்தில் அடிக்கடி எழும் கூக்குரல் இது. பிள்ளை பிறந்து கண்ணே திறக்கவில்லை, அதற்குள் இரண்டு முறை ஊசியால் குத்தி இரத்தம் எடுத்துவிட்டார்கள் என்று பாட்டிமார்கள் பதைக்கிறார்கள். "முதல் டெஸ்டு நன்றாக இருக்கிறதாம், அப்புறம் எதற்கு இன்னொரு டெஸ்டு? கையெழுத்துப் போட்டு அழைத்து வந்துவிடு, தம்பி" என்று தகப்பனை நெருக்குகிறார்கள். தகப்பனுக்கோ மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய கவலை. கையெழுத்துப் போட்டுவிடுகிறான்.

தோழர்களே, முதல் டெஸ்டைவிட இரண்டாம் டெஸ்டே பெரிது என்பதை மேலே சொன்னோம். அந்த இரண்டாவதற்கு முன் பிள்ளையை எடுத்து வருவது, நிரையைப் பாதி வெட்டிவிட்டு வீடு திரும்புவது போன்றது. பாட்டிமாரின் பதைப்பு அன்பினால் வருவது. அதை இகழ வேண்டாம். காரணத்தை எடுத்துச் சொல்வோம். சொன்னால் கேட்காதவர்கள் அல்லர் நம்மவர்கள். பல நேரங்களில் சொல்வாரே இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. "ஏதோ ஒரு மருந்தைப் போட்டே அனுப்புங்கள்" என்று வற்புறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் சரியன்று. வேண்டாத மருந்து பிள்ளையின் குடலில் இருக்க வேண்டிய நல்ல கிருமிகளையும் கலைக்கிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் வளர்க்கிறது. இங்கிலாந்தின் அரசாங்க வைத்திய வழிகாட்டிகள் சொல்வதைக் கேளுங்கள். சந்தேகம் வலுத்தால் மருந்தைத் தாமதிக்காமல் தொடங்கு. தொடங்கியபின் 18 முதல் 24 மணி நேரத்தில் சி.ஆர்.பி.யை மறுபடி பார். இரத்தத்தை வளர்த்துப் பார்த்த சோதனையில் 36 மணி நேரம் வரை கிருமி எழவில்லை, பிள்ளையும் நலம், அளவும் அச்சமில்லை என்றால் நிறுத்துவதை யோசி. தொடங்கவும் நிறுத்தவும் நேரமே கணக்காக இருப்பதைக் கவனியுங்கள். அந்த 36 மணி நேரம் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தால்தானே இந்தக் கணக்கு நடக்கும்?

மருந்து உண்டு, போய்ச் சேர வேண்டுமே!

குறைமாதத்தில் குடம் உடைந்த பிள்ளைகளைக் காக்க வைத்திய உலகம் கண்ட வழிகள் சாமானியமானவை அல்ல. 1972-இல் நியூசிலாந்து நாட்டு ஆக்லாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்னும் இரு டாக்டர்கள், தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் வயிற்றிலுள்ள பிள்ளையின் நுரையீரல் விரைந்து முதிர்கிறது என்று காட்டினார்கள். லிக்கின்ஸ் முதலில் ஆடுகளிடம் ஆராய்ந்தே இவ்வழியைக் கண்டவர். 2001-இல் ஓரக்கிள் என்ற பெரிய சோதனை வெளிவந்தது. குறைமாதத்தில் குடம் உடைந்த 4,800-க்கும் மேற்பட்ட தாய்மார் அதில் சேர்ந்திருந்தார்கள். எரித்ரோமைசின் என்ற மருந்து பிள்ளைகளுக்கு நன்மை செய்தது. கோ-அமாக்சிக்ளாவ் என்ற மற்றொரு மருந்தோ சில பிள்ளைகளின் குடலை அழுகச் செய்யும் நோயை மிகுவித்தது. நல்லெண்ணத்தோடு கொடுக்கும் மருந்திலும் நல்லதும் கெட்டதும் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கடை மருந்தையோ, பக்கத்து வீட்டில் மிஞ்சிய மாத்திரையையோ கர்ப்பிணிக்குக் கொடுப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஸ்டீராய்டு ஊசி முழுப்பலன் தர ஒரு நாள் போல் வேண்டும். காலை ஆறு மணிக்குக் குடம் உடைந்தவள் எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி சேர்ந்தால் அந்த ஒரு நாள் அவளுக்குக் கிடைக்கக்கூடும். இரவு பத்து மணிக்குச் சேர்ந்தால் கிடைக்காமல் போகக்கூடும். மருந்து ஒன்றே, டாக்டர் ஒருவரே, ஆஸ்பத்திரி ஒன்றே. பிள்ளையின் கதி மட்டும் வேறாகிவிடுகிறது.

தமிழ்நாட்டில் வேலூர் ஆஸ்பத்திரியைக் கண்ட ஐடா ஸ்கடர் அம்மையாரின் வரலாறு பலர் அறிந்தது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவன்மார் தங்கள் மனைவியரின் பிரசவத்துக்கு உதவி தேடி வந்தார்கள். ஆண் டாக்டர் பார்க்கக் கூடாதென்று மறுத்தார்கள். மூன்று பெண்களும் மாண்டார்கள். அந்த இரவே அவரை டாக்டருக்குப் படிக்க வைத்தது. 1900-இல் வேலூரில் வைத்தியப் பணி தொடங்கினார். அன்று அந்தப் பெண்களுக்குப் பெண் டாக்டர் இல்லை. இன்று நமக்குப் பத்து பாகாட் பட்டணத்தில் சுல்தானா நோரா இஸ்மாயில் ஆஸ்பத்திரி இருக்கிறது, தாய்சேய் நிலையங்கள் இருக்கின்றன, தாதிகள் இருக்கிறார்கள். 1957-இல் இந்நாட்டில் உயிருடன் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 75 அளவுக்கு ஒரு வயது காணாமல் மாண்டன. இன்று அது பத்துக்கும் கீழ். இவ்வளவு இருந்தும் ஒரு தாய் நேரத்தோடு போய்ச் சேரவில்லையென்றால், குறை எங்கே இருக்கிறது?

நேரம் எங்கே களவு போகிறது?

ஒரு நாளைக் கணக்கெடுத்துப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு. ஆறு மணிக்கு மரத்தடி. ஏழு மணிக்கு அவளுக்குக் கால் நனைகிறது. சிறுநீரென்று நினைக்கிறாள். மண்டோர் ஆண், அவரிடம் சொல்ல நாணம். நிரையை விட்டு வந்தால் அன்றைய கூலி போகுமே என்ற பயம். வெட்டி முடிக்கிறாள், பால் எடுக்கிறாள், நிறுக்கிற இடம் வரை வருகிறாள். பகல் பன்னிரண்டு. வீட்டுக்கு வந்து குளிக்கிறாள். "வலி வரட்டும், போகலாம்" என்கிறார் மாமியார். மாலையாகிறது. தோட்டத்து வண்டியைக் கேட்டால் டிரைவர் இல்லை. டிரைவர் வந்தால் மானேஜர் உத்தரவு இல்லை. இரவு ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி. அங்கே முதல் கேள்வி: "நீர் எப்போது உடைந்தது?" பதில்: "காலையிலேங்க." எத்தனை மணிக்கு? யாரும் எழுதி வைக்கவில்லை. பதினான்கு மணி நேரம் களவு போயிற்று. களவு போனதற்குச் சாட்சியும் இல்லை.

நாம் முன்பு கிராணி வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், வண்டி எடுக்க வேண்டுமானால் சீட்டில் மானேஜர் கையெழுத்து வேண்டும் என்பது விதி. ஞாயிற்றுக்கிழமை மானேஜர் பட்டணத்தில் இருப்பார். உரமூட்டைக்கும் அதே சீட்டு. நிறைமாதக் கர்ப்பிணிக்கும் அதே சீட்டு. அந்த விதியை மாற்றக் கமிட்டி மூன்று முறை மனுக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு பைசா செலவில்லாத மாற்றத்துக்கு மூன்று மனு! அந்தத் தோட்டத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. அப்படிப்பட்ட விதி உங்கள் தோட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், அதுவே போதும்.

சட்டம் தருவதும் தராததும்

1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி முதல் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. மணமான தகப்பனுக்கு 7 நாள் சம்பள விடுமுறை வந்தது. ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்பவை நிபந்தனை. தொழிலாளர் பெற்ற வெற்றி இது. ஆனால் எத்தனை பால்வெட்டுத் தகப்பன்மார் இந்த 7 நாளைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்? இருக்கிறதென்று தெரிந்தால்தானே கேட்பான்! இரண்டாம் டெஸ்டுக்கு முன் கையெழுத்துப் போட்டுப் பிள்ளையைத் தூக்கி வருகிற தகப்பனிடம், "தம்பி, உனக்கு விடுமுறை இருக்கிறது, பொறுத்து வா" என்று கிராணி ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. 30 வாரத்தில் குடம் உடைந்த தாயை, பிள்ளை முதிரட்டும் என்று ஆஸ்பத்திரியில் பல நாள் படுக்க வைப்பதுண்டு. அந்த நாட்கள் ஆஸ்பத்திரி விடுமுறையில் சேர வேண்டும். 98 நாளைத் தின்னக் கூடாது. ஆஸ்பத்திரியில் படுப்பவர்களுக்கு ஆண்டுக்கு 60 நாள் விடுமுறையைச் சட்டம் தனியே தந்திருக்கும்போது, அதை விட்டுப் பிரசவக் கணக்கில் கைவைப்பது நியாயமன்று. அடுத்தது, குறைமாதப் பிள்ளை கண்ணாடிப் பெட்டியில் வாரக்கணக்கில் கிடந்தால், தாயின் 98 நாளும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே கரைகிறது. பிள்ளை வீட்டுக்கு வரும்போது தாய் வேலைக்குப் போக வேண்டும். இந்தியாவில் 1961-இல் செய்த பேறுகால நலச் சட்டம் தோட்டத் தொழிலாளரையும் சேர்த்துக்கொண்டது. குறைமாதப் பிரசவத்தால் தாய்க்கு நோய் கண்டால் மேலும் ஒரு மாதம் சம்பளத்தோடு விடுமுறை என்றது. இங்கிலாந்தில் 2023-இல் ஒரு சட்டம் செய்து, 2025 ஏப்ரல் முதல், பச்சைப்பிள்ளைச் சிகிச்சையில் பிள்ளை கிடக்கும் பெற்றோருக்கு 12 வாரம் வரை கூடுதல் விடுமுறை தந்திருக்கிறார்கள். நமக்கு ஏன் கூடாது? அடுத்த ஒப்பந்தப் பேச்சில் இதை ஒரு ஷரத்தாக வைக்க வேண்டும் என்பது நம் திடமான கருத்து.

இன்னொன்றும் சொல்லாமல் விடக்கூடாது. இன்று நம்மோடு வேலை செய்பவர்களில் வெளிநாட்டுச் சகோதரிகளும் இருக்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அவர்களுக்குக் கட்டணம் நம்மைவிடப் பன்மடங்கு. மருத்துவப் பரிசோதனையில் கர்ப்பம் என்று தெரிந்தால் வேலைக்கே தகுதியில்லை என்று முத்திரை விழும். ஆகவே மறைக்கிறார்கள், குடம் உடைந்தாலும் மறைக்கிறார்கள். கிருமி பாஸ்போர்ட் பார்த்து ஏறுவதில்லை. "அவர்கள் சங்கதி நமக்கென்ன" என்பது தொழிலாளி வாயில் வரத்தக்க சொல்லன்று.

செய்ய வேண்டியவை

முதலாவது, தாய்மார்களுக்கு. அடக்க முடியாமல் நீர் கசிந்தாலும் பீறிட்டாலும் அது பனிநீராக இருக்கலாம். சந்தேகமே போதும், வலிக்குக் காத்திருக்க வேண்டாம். சுத்தமான துணி வையுங்கள். நிறத்தைப் பாருங்கள். பச்சையாகவோ, இரத்தமாகவோ, நாற்றமாகவோ இருந்தால், காய்ச்சல் கண்டால், பிள்ளை அசைவு குறைந்தால் இன்னும் விரைவு வேண்டும். கொடி வெளியே வந்ததுபோல் தெரிந்தால் 999-ஐ அழையுங்கள். அனுபவமுள்ள பாட்டியானாலும் கைவிட்டுப் பார்க்க விடாதீர்கள். அந்தக் கையே கிருமியை ஏற்றிவிடும். அரசாங்கத் தாய்சேய் நிலையத்துக் கர்ப்பப் புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் வைக்கிறார்கள். வலியில்லாமல் பனிநீர் கசிவது அதில் சிவப்பு. சிவப்பென்றால் உடனே ஆஸ்பத்திரி.

இரண்டாவது, பிள்ளை வீடு வந்தபின். பால் குடிக்காமல் சோர்ந்தால், நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கினால், முனகினால், உடம்பு சுட்டாலும் சில்லிட்டாலும், முதல் நாளே மஞ்சள் கண்டாலும் திரும்ப ஓடுங்கள். "டெஸ்டு நன்றாக இருந்ததே" என்று இருந்துவிடாதீர்கள். காகிதத்து எண்ணைவிடப் பிள்ளையின் முகம் பெரிய சாட்சி.

மூன்றாவது, மண்டோர்களுக்கும் கிராணிமார்களுக்கும். ஒரு பெண் சொன்னவுடன் மணியைப் பார்த்து ஒரு துண்டுக் காகிதத்தில் நேரத்தை எழுதி அவள் கையில் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் அந்தத் துண்டுக்கு உள்ள மதிப்பு எந்தச் சீட்டுக்கும் இல்லை. அன்றைய பெயரை முழுநாளாகக் குறிக்கத் தோட்டத்தாரிடம் கேளுங்கள். ஒரு பெண்ணின் அரைநாள் கூலியால் எந்தத் தோட்டமும் மூழ்கியதில்லை.

நான்காவது, கிளைக் கமிட்டிகளுக்கு. வண்டி எந்நேரமும் கிடைக்க வேண்டும், கையெழுத்து பிறகு. ஒவ்வொரு பிரிவிலும் பெண்கள் தயங்காமல் சொல்லக்கூடிய ஒரு அக்காவைப் பொறுப்பில் வையுங்கள். தாய்சேய் நிலையத்துத் தாதியை அழைத்து ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பேசச் சொல்லுங்கள். ஆண்களுக்கும் என்பதை அழுத்திச் சொல்கிறோம்.

பெரிய ஆஸ்பத்திரிகளில் பெரிய இயந்திரங்கள் வரலாம், ஒரு சொட்டு இரத்தத்தில் பத்து அடையாளங்களைக் காட்டும் சோதனைகள் வரலாம், வரட்டும், வரவேற்போம். ஆனால் எந்தச் சோதனையும் ஆஸ்பத்திரி வாசலுக்கு அப்பால்தான் வேலை செய்யும். வாசலுக்கு இப்பால் இருக்கும் மணி நேரங்கள் நம் பொறுப்பு. ஒவ்வொரு கிலோ பாலுக்கும் கணக்கு வைத்திருக்கிற தோட்டத்தில், ஒரு தாயின் பனிக்குடம் உடைந்த நேரத்துக்கு மட்டும் கணக்கில்லை என்பது இனி இருக்கலாகாது. இம்மாதக் கிளைக் கூட்டத்தில் முதல் தீர்மானமாக இதை எடுத்துக்கொள்வீர்களாக!